பைலட் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் ஒரு தடவை பறந்து பாருங்கள்

பைலட் ஆகும் ஆசை வந்ததும் பலர் முதலில் போய் நிற்பது பயிற்சிப் பள்ளியின் அலுவலகத்தில். கட்டண அட்டவணை, தவணை, வங்கிக் கடன் என்று பேச்சு ஓடும், முன்பணமும் கைமாறிவிடும். அதுவரை ஒரு சின்ன விமானத்தின் முன் இருக்கையில் ஒரு நிமிஷம்கூட உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் பறப்பது, பிறகு பணப் பேச்சு.

இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. அமெரிக்காவில் டிஸ்கவரி ஃபிளைட் என்பார்கள், பிரிட்டனில் ட்ரயல் லெசன். நீங்கள் இடது இருக்கையில், பயிற்றுநர் வலது இருக்கையில். இருவர் முன்னாலும் ஒரே மாதிரி ஸ்டியரிங், ஒரே மாதிரி பெடல். வானில் அரை மணி முதல் ஒரு மணி நேரம், அதில் பாதிக்கு மேல் விமானம் உங்கள் கையில். இந்தியாவில் எல்லாப் பள்ளியும் வெளியாட்களை இப்படி ஏற்றுவதில்லை. பெங்களூரு ஜக்கூர், மைசூரு போன்ற பயிற்சித் தளங்களிலும், இலங்கையில் இரத்மலானையிலும் நேரில் கேட்டால்தான் தெரியும். கேட்கும்போது "ஜாய் ரைடா, பயிற்சிப் பறப்பா?" என்று தெளிவாகக் கேளுங்கள். ஜாய் ரைடு என்றால் உங்களை ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டி இறக்கிவிடுவார்கள். அதற்கும் பைலட் பயிற்சிக்கும் ஒட்டில்லை.

நீங்கள் நல்ல பைலட் ஆவீர்களா என்பதை இந்த ஒரு மணி நேரம் சொல்லாது. முதல் நாளே "உங்களுக்குப் பிறவித் திறமை" என்று பாராட்டுகிற பயிற்றுநர் சேர்க்கை விண்ணப்பத்தையும் கூடவே நீட்டுவார். வேறு சில விஷயங்களை இது சொல்லும்: வயிறு தாங்குகிறதா, அந்த இறுக்கமான, சூடான, இரைச்சலான இடத்தில் உடம்பு பொருந்துகிறதா, பயம் வந்தால் பத்து நிமிஷத்தில் அடங்குகிறதா. கூடவே, அந்தப் பள்ளி எப்படிப்பட்டது என்பதையும். கடைசியாகச் சொன்னது பலருக்குத் தோன்றுவதே இல்லை. பரீட்சை எழுதுவது நீங்கள் மட்டுமல்ல, பள்ளியும்தான்.

முன்பதிவு செய்யும்போது

எடையை உண்மையாகச் சொல்லுங்கள். உடை, செருப்பு, பையோடு சேர்த்த எடை வேண்டும். இரண்டு பேர் அமரும் செஸ்னா 152 மொத்தம் 757 கிலோவோடுதான் மேலேற முடியும். வெறும் விமானமே சுமார் 520 கிலோ. இறக்கைத் தொட்டிகள் நிரம்பியிருந்தால் எரிபொருள் ஏறத்தாழ 67 கிலோ. மிச்சம் 170 கிலோ, அதுவும் இருவருக்கும் சேர்த்து. நீங்கள் 95, பயிற்றுநர் 85 என்றால் எரிபொருளைக் குறைத்தாக வேண்டும். வெட்கப்பட்டுப் பத்துக் கிலோவை மறைத்தால் அந்தக் கணக்கு முழுக்கப் பொய்யாகிவிடும். உடம்பு கொஞ்சம் கனமோ, உயரமோ என்றால் நான்கு இருக்கை செஸ்னா 172 கேளுங்கள். அதன் 172எஸ் வகைக்கு எல்லை 1,157 கிலோ, எஞ்சின் 180 குதிரைத் திறன்.

நான்கு இருக்கை என்றதும் அப்பா, தம்பி, வீடியோ எடுக்க நண்பன் என்று கூட்டிப் போகத் தோன்றும். வேண்டாம். பின் இருக்கையில் இருப்பவருக்குத்தான் முதலில் குமட்டும். அவருக்கு முடியாமல் போனால் உங்கள் பறப்பும் பாதியில் முடியும்.

நேரம் காலை ஆறரைக்கும் எட்டரைக்கும் நடுவே இருக்கட்டும். வெயில் ஏறினால் தரை சூடாகி, காற்று குமிழ் குமிழாக மேலெழும். சிறிய விமானம் அதன்மேல் மாட்டு வண்டி மாதிரி ஆடும். ஓடுதளம் கடல் மட்டத்தில் இருந்தாலும் வெப்பம் 35 டிகிரி என்றால், அந்த மெலிந்த காற்றில் விமானம் கிட்டத்தட்ட 2,400 அடி உயர ஊரிலிருந்து கிளம்புவதுபோல்தான் நடந்துகொள்ளும். ஓட்டம் நீளும், ஏற்றம் மந்தமாகும்.

கட்டணம் பேசும்போது "ஒரு மணி நேரம்" என்றால் எந்தக் கடிகாரம் என்று கேளுங்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஓடும் ஹாப்ஸ் மீட்டரா, சக்கரம் தரையை விட்ட நேரமா, வகுப்பறைப் பேச்சும் சேர்ந்ததா? நெரிசலான விமான நிலையத்தில் ஓடுதளத்துக்குப் போய்ச் சேரவே கால் மணி ஆகும். வானிலையால் ரத்தானால் பணம் திரும்புமா, வேறு நாள் தருவார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். நல்ல பள்ளி ரத்து செய்யத் தயங்காது. மேகம் தொங்கும்போதும் "வாங்க, ஒண்ணும் ஆகாது" என்று அழைக்கும் பள்ளிக்குப் போகவே போகாதீர்கள்.

அந்த நாளுக்கு

மூக்கடைப்பு, சளி, காதுவலி இருந்தால் தள்ளிப் போடுங்கள். ஏறும்போது தெரியாது. இறங்கும்போது நடுக்காதின் அழுத்தம் சமன்படாமல் செவிப்பறையில் ஊசி குத்தும். ஸ்கூபா டைவிங் போயிருந்தால் 24 மணி நேரம் இடைவெளி விடுங்கள். முந்தின இரவு மது கூடாது.

வெறும் வயிறும் குமட்டும், பூரி கிழங்கும் குமட்டும். கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். பஸ் பயணத்துக்குப் போடும் வாந்தி மாத்திரை வேண்டாம். அதில் பலவும் தூக்கம் கொடுக்கும், உங்கள் வயிற்றின் உண்மையான குணமும் தெரியாமல் போகும். அதைத் தெரிந்துகொள்ளத்தானே போகிறீர்கள்.

பருத்திச் சட்டை, பேன்ட், மெல்லிய அடியுள்ள ஷூ. ரப்பர் செருப்பு பெடலில் வழுக்கும், தடித்த பூட்ஸில் பெடலை உணரவே முடியாது. துப்பட்டா போன்ற தொங்கும் துணி வேண்டாம். கறுப்புக் கண்ணாடி போலரைஸ்டு வகையாக இருந்தால் விமானத்தின் டிஜிட்டல் திரைகள் இருண்டு தெரியும், சாதாரணக் கறுப்புக் கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். செல்போன் ஜிப் போட்ட பாக்கெட்டுக்குள் போகட்டும். கையிலிருந்து நழுவும் போனும், உருளும் தண்ணீர் பாட்டிலும் பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கினால் சுக்கானை அசைக்க முடியாது. படம் எடுக்கலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். ராணுவம் பயன்படுத்தும் தளம் என்றால் கேமராவை மறந்துவிடுங்கள்.

விமானத்தைச் சுற்றி வருவது

பறக்கும் முன் பயிற்றுநர் விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். "நானும் கூட வரேன், காட்டுங்க" என்று சொல்லுங்கள். "அதெல்லாம் பார்த்தாச்சு, ஏறுங்க" என்று பதில் வந்தால் அந்தப் பள்ளியைப் பற்றிப் பெரிய சேதி ஒன்று கிடைத்துவிட்டது.

எரிபொருள் வடிப்பதைக் கவனித்துப் பாருங்கள். இறக்கைக்கு அடியிலுள்ள சின்ன வால்வில் கண்ணாடிக் குவளையை அழுத்தி ஒரு வாய் பிடிப்பார்கள். 172எஸ் விமானத்தில் இப்படி 13 இடங்கள்: ஒவ்வோர் இறக்கையிலும் ஐந்து, வயிற்றுப் பகுதியில் மூன்று. பயிற்சி விமானத்துக்கான 100எல்எல் பெட்ரோல் இளநீல நிறம். தண்ணீர் கலந்திருந்தால் கனமானதால் அடியில் குமிழாகத் தங்கும். குவளை முழுக்கத் தண்ணீராகவே இருந்தால் பிரிகோடு தெரியாது, நிறமும் இருக்காது. அதனால்தான் வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்ப்பது. எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் அது பெரும்பாலும் முழு விசையில் மேலேறும்போதுதான் தடுமாறும். அதைவிட மோசமான நேரம் கிடையாது.

புரொப்பெல்லர் நின்றிருந்தாலும் சுழல்வதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னீட்டோவுக்கு பேட்டரி தேவையில்லை. அதை அணைத்து வைக்கும் தரைக்கம்பி அறுந்திருந்தால், சாவியை எடுத்த பிறகும் இறகைக் கையால் தள்ளினால் எஞ்சின் உதறி எழலாம். சாய்ந்து நிற்பது, பிடித்துக்கொண்டு போட்டோ எடுப்பது எதுவும் கூடாது. விமானத்தை எப்போதும் பின்பக்கமாக அணுகுங்கள். குனிந்து வாருங்கள், செஸ்னா இறக்கையின் பின் விளிம்பு சரியாக நெற்றி உயரம். பறக்கும் பள்ளிகளில் பழைய மாணவர்களை நெற்றிக் கோட்டை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்பது வெறும் கேலி அல்ல.

இருக்கை, பெல்ட், பேச்சு

இருக்கையை முன்னால் நகர்த்தி, 'டக்' என்று பூட்டு விழும் சத்தம் கேட்ட பிறகு உடம்பை முன்னும் பின்னும் உலுக்கிப் பாருங்கள். இது சம்பிரதாயம் அல்ல. பூட்டு சரியாக விழாத இருக்கை, விமானம் முழு வேகத்தில் கிளம்பும்போது பின்னால் ஓடும். பிடிமானத்துக்காகக் கை தானாக ஸ்டியரிங்கை இழுக்கும், விமானத்தின் மூக்கு செங்குத்தாக எழும். உயிர்ப்பலி கொண்ட விபத்துகள் இப்படி நடந்திருக்கின்றன. உயரம் குறைந்தவர் குஷன் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எஞ்சின் மூடிக்கு மேலே அடிவானம் தெரிய வேண்டும், பெடல் முழுதாக அழுந்த வேண்டும். இரண்டில் ஒன்று முடியாவிட்டாலும் இப்போதே சொல்லுங்கள்.

ஹெட்செட் மைக் உதட்டை ஒட்டினாற்போல் இருக்கட்டும். தள்ளி வைத்தால் நீங்கள் பேசுவது கேட்காது, இரைச்சல்தான் கேட்கும். விமான நிலையக் கட்டுப்பாட்டு டவர் பேசத் தொடங்கினால் பாதிச் சொல்லிலேயே நிறுத்திவிடுங்கள்.

கட்டுப்பாட்டைக் கைமாற்றும் முறையைத் தரையிலேயே ஒரு தடவை சொல்லிப் பழகுங்கள். அவர் "யூ ஹேவ் கன்ட்ரோல்" என்பார், நீங்கள் "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொல்லிப் பிடிப்பீர்கள். அவர் "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொன்ன கணமே கை, கால் இரண்டையும் எடுத்துவிட வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் கேள்வி கேட்காமல் கீழ்ப்படிய வேண்டிய ஒரே சொல் அது. இதை விளக்காமலே எஞ்சினைக் கிளப்பும் பயிற்றுநரிடம் நீங்களாகக் கேட்டுவிடுங்கள்.

தரையில் ஓட்டும்போது எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. திருப்பம் வந்தால் காரைப்போல ஸ்டியரிங்கைத் திருப்புவார்கள், விமானம் பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருக்கும். தரையில் திருப்புவது கால்தான். குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தால் பெடலின் கீழ்ப்பகுதியைத் தள்ளுங்கள். மேல்பகுதி பிரேக், தெரியாமல் பாதம் ஏறிவிடும். கையை மடியில் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஓடுதளத்துக்கு முன்னால் நின்று எஞ்சினை நிமிஷத்துக்கு 1,800 சுற்றுக்கு ஏற்றி, இரண்டு மேக்னீட்டோவையும் மாற்றி மாற்றி அணைத்துப் பார்ப்பார்கள். 172எஸ் விமானத்தில் ஒவ்வொன்றுக்கும் 150 சுற்றுக்கு மேல் குறையக் கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50-க்கு மேல் போகக் கூடாது. மீறினால் திரும்பிவிட வேண்டும். அன்று பறக்காமல் வீடு திரும்பினாலும் அந்தப் பள்ளியைப் பற்றிச் சந்தோஷப்படலாம்.

மேலே

முழு விசை கொடுத்ததும் மூக்கு இடது பக்கம் ஓடப் பார்க்கும், வலது பெடலால் அடக்க வேண்டும். 172எஸ் என்றால் 55 நாட் (மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர்) வேகத்தில் மெல்ல இழுத்தால் சக்கரம் தரையை விடும். 74 நாட் வேகத்தில் ஏற்றம். மூக்கு உயர்ந்து அடிவானத்தை மறைக்கும்போது பலருக்கு வயிற்றில் ஒரு பிடி பிடிக்கும். பக்கத்து ஜன்னல் வழியாக இறக்கை நுனியைப் பாருங்கள், இடம் பிடிபடும்.

இரண்டாயிரம், மூவாயிரம் அடியில் சமன் செய்த பிறகு விமானம் உங்கள் கைக்கு வரும். பெருவிரலும் இரண்டு விரலும் போதும். முஷ்டியாகப் பிடித்தால் உங்கள் பதற்றமெல்லாம் விமானத்துக்குப் போய்ச் சேரும். மூக்கு கொஞ்சம் இறங்கினால் இழுப்பீர்கள், அது அதிகமாகி ஏறும், தள்ளுவீர்கள், மறுபடி இறங்கும். இந்த ஊஞ்சல் நிற்கவில்லை என்றால் கையை எடுத்துவிடுங்கள். ட்ரிம் (கை பிடிக்காமலே மூக்கை ஒரே நிலையில் நிறுத்தும் அமைப்பு) சரியாக வைத்த செஸ்னா தானாகவே அடங்கும். அதை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் பயத்தில் பாதி போய்விடும்.

கணினியில் சிமுலேட்டர் விளையாடி வருகிறவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல். கண் முழுக்கக் கருவிகளின் மேலேயே இருக்கும். கருவி முள் சற்றுத் தாமதமாகத்தான் நகரும், அதைத் துரத்தினால் எப்போதும் பின்தங்கியே இருப்பீர்கள். பார்வையில் பத்தில் ஒன்பது பங்கு வெளியே இருக்கட்டும். எஞ்சின் மூடிக்கும் அடிவானத்துக்கும் நடுவே எத்தனை விரல் இடைவெளி என்று மனதில் பிடித்து, அதைக் காப்பாற்றுங்கள். கருவியை எட்டிப் பார்த்துச் சரிபார்த்தால் போதும்.

திருப்பத்தில் இடமும் வலமும் ஒன்றுபோல் தெரியாது. நீங்கள் விமானத்தின் நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருப்பதால், இடது திருப்பத்தில் மூக்கு உயர்வதுபோலவும் வலது திருப்பத்தில் தாழ்வதுபோலவும் தோன்றும். அதை நம்பித் திருத்தினால் இடது பக்கம் திரும்பும்போது உயரம் இழப்பீர்கள், வலது பக்கம் திரும்பும்போது ஏறிவிடுவீர்கள். 20 டிகிரி சாய்வில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு முறை திரும்பிப் பாருங்கள். நான்காவது முறை முதல் முறையைவிடக் கொஞ்சமாவது ஒழுங்காக வந்தால் போதும்.

ஒரு காட்சியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்: விசையை முழுதாகக் குறைத்து விமானத்தை மிதக்கவிடுவது. எஞ்சின் நின்றால் கல் மாதிரி விழும் என்பது பரவலான பயம். 172 ஏறத்தாழ 68 நாட் வேகத்தில், ஓர் அடி இறங்குவதற்குள் ஒன்பது அடி முன்னே போகும். மூவாயிரம் அடியிலிருந்து காற்றில்லாத நாளில் சுமார் எட்டுக் கிலோமீட்டர். வீட்டில் மறுப்பவர்களுக்குச் சொல்லவும் இது உதவும். ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை), செங்குத்துத் திருப்பம் போன்றவை முதல் நாளுக்கு வேண்டாம். நீங்கள் கேட்காமலே பயிற்றுநர் வித்தை காட்டத் தொடங்கினால் "போதும் சார், நேராப் போவோம்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

குமட்டல் சொல்லாமல் வராது. முதலில் கொட்டாவி, பிறகு வாயில் உமிழ்நீர், நெற்றியில் குளிர்ந்த வியர்வை, பேச்சு குறைவது. கொட்டாவிக் கட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். காற்று வரும் துவாரத்தை முகத்துக்கு நேராகத் திருப்பி, தூரத்து அடிவானத்தைப் பாருங்கள். முடிந்தால் விமானத்தை நீங்களே ஓட்டுங்கள். ஓட்டுபவருக்குக் குமட்டல் குறைவு, அடுத்த அசைவு அவர் உடம்புக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. வாந்தி எடுத்தாலும் ஒன்றும் முடிந்துபோகவில்லை, பெரும்பாலோருக்குச் சில பறப்புகளில் பழகிவிடும். பை எங்கே என்று முன்பே தெரிந்திருந்தால் சரி.

நடுவானில் கதவு திறந்துகொள்வதும் நடப்பதுதான். செஸ்னாவில் அது சில அங்குலம் விலகி, காற்றின் வேகத்தால் அதற்கு மேல் திறக்காமல் நிற்கும். யாரையும் வெளியே உறிஞ்சாது. சத்தம் மட்டும் பயங்கரம். நீங்கள் கை வைக்காதீர்கள்.

இறக்குவது பயிற்றுநரின் வேலை. அவர் சம்மதித்தால் ஸ்டியரிங்கில் விரலை வைத்து அவர் கை எப்படி அசைகிறது என்று உணரலாம், ஆனால் பிரேக்கில் பாதம் வேண்டாம். கடைசி நேரத்தில் முழு விசை கொடுத்து மீண்டும் மேலே ஏறினால் பதறாதீர்கள். சரியில்லாத இறக்கத்தைக் கைவிடுவது நல்ல பழக்கம்.

இறங்கிய பிறகு

காபி குடிக்கும் சாக்கில் அலுவலகத்தில் உட்காராமல் மாணவர்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். "போன மாசம் எத்தனை மணி நேரம் பறந்தீங்க?" இந்த ஒரு கேள்வி போதும். இந்தியாவில் வணிக பைலட் உரிமத்துக்கு 200 மணி நேரம் வேண்டும், அதில் 100 மணி நீங்களே தலைமை பைலட்டாக. மாதம் எட்டு மணி நேரம் பறக்கும் மாணவருக்கு அது இரண்டு வருஷத்துக்கும் மேல். பள்ளியிடம் எத்தனை விமானம் என்று கேட்காதீர்கள், இன்று காலை எத்தனை பறந்தன என்று கேளுங்கள். கொட்டகையில் எஞ்சின் இல்லாமல் நிற்பதும் எண்ணிக்கையில் சேர்ந்திருக்கும். இந்திய விமானத்துறை ஆணையமான டிஜிசிஏ, 2025 முதல் பறப்புப் பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிடுகிறது, அதையும் பாருங்கள்.

இந்தச் சோதனைப் பறப்புக்கு மருத்துவச் சான்று தேவைப்படாது, பயிற்சிக்குத் தேவை. இந்தியாவில் முதலில் இரண்டாம் வகுப்பு, பிறகு முதல் வகுப்புப் பரிசோதனை. நிறக்குருடு, செவித்திறன், இதயம் என எதிலாவது சிக்கல் இருந்தால் அங்கேதான் தெரியவரும். பெரிய தொகை எதையும் முதல் வகுப்புச் சான்று கையில் வரும் முன் கட்டாதீர்கள். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். பள்ளி மூடிப்போனால் தள்ளுபடியோடு முதலும் போய்விடும். தவணையும், திரும்பத் தரும் விதியும் எழுத்தில் இருக்கட்டும். அமெரிக்காவில் பறந்திருந்தால் பயிற்றுநரிடம் ஒரு லாக்புக்கில் (பறப்பு நேரப் பதிவேடு) அன்றைய நேரத்தைப் பதிந்து கையெழுத்து வாங்குங்கள். மற்ற நாடுகளில் அந்த நேரம் கணக்கில் சேருமா என்று ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அன்று ராத்திரியே முடிவெடுக்க வேண்டாம், கை இன்னும் சிலிர்த்துக்கொண்டிருக்கும். பத்து நாள் கழித்து இன்னொரு பள்ளியில், இன்னொரு பயிற்றுநரோடு ஒரு முறை போங்கள். மொத்தப் பயிற்சிச் செலவில் இது சில்லறைக் காசு. இந்தத் தடவை மட்டும் காலை நேரம் கேட்காதீர்கள், மதியம் இரண்டு மணி கேளுங்கள். உச்சி வெயிலில், குலுக்கலில், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள முக்கால் மணி நேரம். பயிற்சி அட்டவணையில் அந்த நேரமும்தான் வரும்.